பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கு நினைவிடம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் தீயணைப்பு வீரர்களுக்குப் பெயர் பொறித்த ஒரு நினைவிடம் அமைய வேண்டும் என்று சில காலமாகப் பலரிடம் பேசி வருகிறேன். கேட்பவர்கள் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 14 சித்திரை விஷு அல்லவா? அன்றைக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் என்ன தொடர்பு?

நம் மாவட்டத்தில் அந்த நாளில் வேறு எதுவும் யாருக்கும் ஞாபகம் வராது. விடிவதற்கு முன்பே கனி காண வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுக்க வேண்டும். தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள் எல்லாமும் அதையொட்டியே வருகின்றன. அதே காலையில், நீங்கள் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் தீயணைப்பு நிலையத்தில் சீருடை போட்ட வீரர்கள் வரிசையாக நின்று மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களுக்கு அது நீத்தார் நினைவு நாள். அன்றிலிருந்து 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். அந்த வாரத்தில்தான் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பேருந்து நிலையங்களிலும் அவர்கள் வந்து தீயணைக்கும் முறையைச் செய்து காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

செயல்விளக்கத்தைப் பார்த்த நம்மில் பலர், அந்த வாரம் ஒரு அஞ்சலியில் தொடங்குகிறது என்பதை அறிந்ததில்லை. நிலையத்தின் மதிலுக்குள்ளேயே அது நடந்து முடிந்துவிடுகிறது.

அந்தத் தேதியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மும்பையில் என்ன நடந்தது?

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தில் இருந்து கராச்சி வழியாக வந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல், அன்றைய பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் இரண்டு நாளாக நின்றிருந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. தங்கக் கட்டிகள்கூட இருந்தன. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே அறைக்குள் அடுக்கியிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. போர் அவசரம் எல்லா விதியையும் தளர்த்தியிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கப்பலின் இரண்டாம் எண் சரக்கறையில் இருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தன. குழாய்களை உள்ளே இறக்கித் தண்ணீரை ஊற்றினார்கள். நூற்றுக்கணக்கான டன் தண்ணீர் போயும் தீ எங்கே இருக்கிறது என்பதே புகையில் தெரியவில்லை. கப்பலின் பக்கத்தகடு ஓரிடத்தில் காய்ந்து சிவந்தது. உள்ளே போன தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. வெடிமருந்து இருக்கிற கப்பல் என்று தெரிந்த பிறகும் தண்ணீர் அடிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரை மணி நேரத்துக்குள் இன்னொன்று. அந்த அதிர்ச்சி 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் பதிவானது. கப்பல்துறையும் சுற்றுப்புறமும் நாட்கணக்கில் எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

இறந்தவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் செய்திகூட உடனே வெளியே வரவில்லை. இந்தியா முழுவதும் தீயணைப்புத் துறையினர் அந்த நாளைத்தான் தங்கள் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள்.

மே 4 என்றும் ஒரு நாள் சொல்கிறார்களே?

அது உலக தீயணைப்பு வீரர்கள் நாள். 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லிண்டன் என்ற ஊர் அருகே காட்டுத்தீயை அணைக்கப் போன ஐந்து தன்னார்வ வீரர்கள், காற்று திசை மாறியதால் வண்டியோடு தீயில் சிக்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு ஏற்பட்டது. மே 4 என்பது தீயணைப்போரின் காவலராக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் வணங்கும் புனித புளோரியானின் திருநாள்.

இப்படிப்பட்ட நினைவிடங்கள் வேறு ஊர்களில் எப்படி இருக்கின்றன?

மும்பையில் பைகுல்லாவில் உள்ள தீயணைப்புத் தலைமையகத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று அங்கேதான் அஞ்சலி. சென்னையில் எழும்பூரில் உள்ள நம் மாநிலத் தலைமையகத்திலும் நினைவுத்தூண் இருக்கிறது.

வெளிநாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது லண்டனில் புனித பவுல் பேராலயத்தின் எதிரே இருப்பது. மூன்று வீரர்கள் வேலையின் நடுவில் நிற்பது போன்ற வெண்கலச் சிலை. 1991இல் திறந்தபோது, போர்க்காலக் குண்டுவீச்சில் இறந்த வீரர்களின் பெயர்கள் மட்டுமே அதில் இருந்தன. பிறகு மற்றக் காலங்களில் இறந்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அதையே தேசிய நினைவிடமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் எமிட்ஸ்பர்க் ஊரில் இருக்கும் தேசிய நினைவிடத்தில் ஆண்டுதோறும் புதிய பெயர்களைச் சேர்த்து, குடும்பங்களை வரவழைத்து மரியாதை செய்கிறார்கள். எழுதி முடித்து மூடிவிடாமல் இடம் விட்டு வைப்பது என்ற அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும்.

தமிழ்நாட்டில் சமீப காலத்தில் தீயணைப்பு வீரர்கள் இறந்திருக்கிறார்களா?

இறந்திருக்கிறார்கள். 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தின் பழைய கலசமகால் கட்டடம் எரிந்தது. மேற்கூரை இடிந்து ஒருவர் இறந்தார். உடன் இருந்த பெண் அதிகாரிக்குக் கடுமையான தீக்காயம்.

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீ. ராத்திரி நேரம். அணைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த எரிவாயு சிலிண்டர் வெடித்தது. ஒரு வீரர் இறந்தார். அந்தச் சம்பவத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தீயை வேடிக்கை பார்க்கக் கூடி நின்றவர்கள் பலரும் அந்த வெடிப்பில் சிக்கினார்கள், சிலர் பிறகு இறந்துபோனார்கள். தீப்பிடித்த இடத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்பவர்களைக் கண்டால் எனக்குக் கொடுங்கையூர்தான் நினைவுக்கு வரும்.

2020 தீபாவளி நேரத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை எரிந்தது. பழைய கட்டடம். தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டிருந்த நாளில் அவர்கள் வீடுகளுக்கு உடல்கள் போய்ச் சேர்ந்தன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று சம்பவங்களில் இரண்டில் உயிரை எடுத்தது இடிந்த கட்டடம், ஒன்றில் சிலிண்டர். சுண்ணாம்புச் சுவரும் மர உத்திரமும் உள்ள கட்டடத்தில் உத்திரம் எரிந்ததும் சுவரைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. மேலே ஊற்றுகிற தண்ணீரும் பாரமாகிறது. கோட்டாறு கடைத்தெருவிலும் அப்படிப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. பின்பக்கம் வரை சரக்கு அடுக்கி, மாடிப்படியிலும் மூட்டை வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கும்போது மதுரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் மாவட்டத்தில் பெரிய தீ விபத்துகள் குறைவுதானே? இங்கே அவர்களுக்கு அப்படி என்ன ஆபத்து?

இந்தக் கேள்வியைத்தான் அதிகமாகக் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

துறையின் முழுப்பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல், குலசேகரம், கன்னியாகுமரி என எந்த நிலையத்தில் போய்க் கேட்டாலும் மீட்பு வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். தீ இல்லை என்று அர்த்தமில்லை. மேற்கே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடங்கள் எரியும். கடற்கரைப் பக்கம் தேங்காய் நார் எடுக்கும் தும்பு ஆலைகள் எரியும். தும்புக் குவியலில் மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், கிளறிக் கிளறி ஊற்ற வேண்டும். அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலையில் தீப்பிடித்தால் முந்திரித் தோட்டின் எண்ணெய் சேர்ந்து எரிந்து, அந்தப் புகையே கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். கோடையில் மலையடிவாரப் புற்களில் தீ. இவையெல்லாம் உண்டு.

ஆனால் நம் ஊரின் உண்மையான ஆபத்து கிணறு. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு என்பது பழைய வழக்கம். வெட்டுக்கல் பாறையில் ஆழமாக வெட்டிய குறுகலான கிணறுகள். இப்போது குழாய்த்தண்ணீர் வந்துவிட்டதால் பலவற்றை யாரும் இறைப்பதில்லை. சிலவற்றின் கைப்பிடிச்சுவர் எந்தக் காலத்தில் கட்டியதோ, வேர் புகுந்து பிளந்திருக்கும். ஆடு விழும், மாடு விழும், ராத்திரி இருட்டில் மனிதர் விழுவார், மனம் வெறுத்துக் குதிப்பவரும் உண்டு. எல்லாவற்றுக்கும் அழைப்பது அவர்களைத்தான்.

இறங்குகிறவர் எப்படி இறங்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்த வேலை புரியும். இடுப்பிலும் தொடையிலும் சேர்த்துக் கட்டிய வாருடன் ஒருவர் உள்ளே போகிறார். மேலே நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. கயிறு எப்படி அசைகிறது என்பதில்தான் கவனம் முழுவதும். ஒருவர் மட்டும் டார்ச் அடித்துக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் குறுகிய கிணற்றுக்குள் உடம்பைத் திருப்பவே இடம் இருக்காது. கால் வைக்கிற கல் கழன்று தண்ணீரில் விழுகிற சத்தம் மேலே கேட்கும். விழுந்து கிடப்பவர் பயத்தில் கழுத்தைக் கட்டிப்பிடித்துவிட்டால் இரண்டு பேரும் மூழ்க வேண்டியதுதான்.

2025 அக்டோபரில் நம் பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தைத் தாண்டி, கொல்லம் மாவட்டம் நெடுவத்தூரில் இதுதான் நடந்தது. கிணற்றில் குதித்த ஒரு பெண்ணை மீட்க ராத்திரி ஒரு தீயணைப்பு வீரர் இறங்கினார். மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது கைப்பிடிச்சுவர் இடிந்து விழுந்தது. சுவரருகே நின்றிருந்த இன்னொருவரும் அதோடு உள்ளே விழுந்தார். மூன்று பேரும் இறந்தார்கள். அதற்கு முன்பு, 2023 மே மாதம், திருவனந்தபுரம் தும்பாவில் மருந்துக் கிடங்கு எரிந்தபோது சுவர் இடிந்து விழுந்து ஒரு வீரர் இறந்தார். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் அவர்கள் ஊர் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அதே வெட்டுக்கல், அதே மழை, அதே மாதிரிக் கிணறு.

அப்புறம் ஆறும் கடலும். குழித்துறையில் தாமிரபரணி கரை புரண்டால் வீட்டுக்கூரையில் நிற்பவர்களைக் கொண்டுவர வேண்டும். பரளியாற்றிலும் கோதையாற்றிலும் குளிக்கப் போய் சுழலில் அகப்பட்டவர்களைத் தேட வேண்டும். 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளில் நடந்தது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, மாவட்டம் முழுவதும் ரப்பரும் தென்னையும் சாலையில் விழுந்து கிடந்தன. மின்கம்பி எங்கே அறுந்து கிடக்கிறது என்று தெரியாத ஈரத்தில் மரம் அறுப்பது எவ்வளவு ஆபத்து என்பது அந்த நாட்களை இங்கே கழித்தவர்களுக்குத் தெரியும்.

பாழ் கிணற்றில் ஒருவர் மயங்கி விழுந்தால், வண்டி வரும்வரை நாம் இறங்கக் கூடாதா?

கூடாது. அடியில் காற்றோட்டம் இல்லாமல் கரியமில வாயு தேங்கியிருக்கும். அழுகிய குப்பை இருந்தால் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். முதல் ஆள் மயங்குவார், காப்பாற்றப் போன தம்பி மயங்குவார், அவரைத் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரும் மயங்குவார். தூர் வாரும் வேலைகளில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். உள்ளே டீசல் மோட்டாரை இறக்கி ஓட்டுவது இன்னும் மோசம். விளக்கை இறக்கிப் பார்த்து அணையவில்லை என்றால் இறங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் தீயே பிடிக்கலாம்.

101க்கோ 112க்கோ அழையுங்கள். கைப்பிடிச்சுவரில் யாரையும் சாய விடாதீர்கள்.

சென்னையில் நினைவுத்தூண் இருக்கும்போது நாகர்கோவிலில் தனியாக எதற்கு?

எழும்பூர் இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம். நம் பிள்ளைகள் அதைப் பார்க்கப் போவதில்லை. இந்த மாவட்டம் நினைவுச்சின்னங்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். குளச்சலில் 1741 போரின் வெற்றித்தூண் இருக்கிறது. குமரியைத் தமிழகத்தோடு இணைக்கும் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிச்சூட்டில் இறந்த தியாகிகளுக்குப் புதுக்கடையில் நினைவிடம் இருக்கிறது. கன்னியாகுமரியில் காந்தி மண்டபம், காமராஜர் மணிமண்டபம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், சுனாமி நினைவுப் பூங்கா. மன்னர், தலைவர், துறவி, தியாகி எல்லாரையும் நினைக்கத் தெரிந்த ஊர் இது. புலியோடு போராடிச் செத்தவனுக்கும் ஊர் ஆடுமாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டுப் பெயர் எழுதிய மரபு நம்முடையது. ஊர்க்காரரின் ஆட்டைக் கிணற்றில் இருந்து மீட்கப் போகிறவர் அந்த வரிசையில் வருகிறவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காவல்துறையினருக்கு அக்டோபர் 21 நினைவு நாள். டெல்லியில் 2018இல் தேசிய காவலர் நினைவிடமும் திறந்தாயிற்று. ராணுவத்துக்கு 2019இல் இறந்த ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டிய தேசியப் போர் நினைவிடம் அமைந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். தீயணைப்பு வீரர்கள் விஷயத்தில் மட்டும் அஞ்சலி அவர்களுக்குள்ளேயே நடந்து முடிகிறது. இறந்தவர் காப்பாற்றப் போனது நம்மை. மலர்வளையம் வைப்பது அவர் கூட வேலை பார்த்தவர்கள் மட்டும் என்றால் அது சரியாக இல்லை.

கன்னியாகுமரி சுனாமி நினைவுப் பூங்காவிலேயே ஒரு பலகை வைத்துவிட்டால் போதாதா?

வேண்டாம். அது அலையில் போனவர்களின் இடம். அந்தத் துக்கத்துக்குள் இன்னொன்றைச் செருகுவது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை.

அப்படியானால் எங்கே வைப்பது? மணிமேடை சந்திப்பிலா, வடசேரியிலா?

சந்திப்புகளில் வைக்க முடியாது. சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையும் கட்டுமானமும் எழுப்ப அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவு இல்லாவிட்டாலும் நான் அங்கே வைக்கச் சொல்ல மாட்டேன். போக்குவரத்து நெரிசலில் தீயணைப்பு வண்டி ஏற்கெனவே திணறுகிறது. நாம் வைக்கிற நினைவிடமே அதற்கு ஒரு தடையாகிவிடக் கூடாது.

தீயணைப்பு நிலைய வளாகத்தில், சாலையில் இருந்து பார்வைக்குப் படும்படி முன்பக்கத்தில் அமைய வேண்டும் என்பதே என் விருப்பம். மதில் அந்த இடத்தில் மட்டும் கம்பி வேலியாக இருக்கட்டும். வண்டி வெளியே வருகிற வழியை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. இல்லையென்றால் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஒரு மூலை. ஆனால் பூங்காவில் வைத்தால் சில வருடத்தில் சுற்றிலும் செடி மண்டி, மேலே விளம்பரத் தட்டி கட்டிவிடுவார்கள். நிலையத்தில் இருந்தால் தினமும் பெருக்கித் துடைக்க ஆள் இருக்கிறது.

சிலையா, தூணா, கல்வெட்டா?

கல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாகர்கோவில் காற்றில் கடல் உப்பு இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும். பித்தளைத் தகடு பச்சை படியும், அல்லது காணாமல் போகும். பிளாஸ்டிக் எழுத்து ஒட்டினால் இரண்டு மழையில் பாதிப் பெயர் உதிர்ந்துவிடும். வள்ளுவர் சிலையே கல்தான், அதற்கும்கூட உப்பை எடுக்கக் காகிதக்கூழ் பூசிக் கழுவி ரசாயனம் அடிக்கும் பராமரிப்பை அவ்வப்போது செய்ய வேண்டியிருக்கிறது.

சிற்பிகளுக்கு எங்கும் அலைய வேண்டாம், மயிலாடி இருக்கிறது. அங்கே பட்டறை வாசலில் நின்றால் ஒரு எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். முதலில் கல்லைத் தேய்த்து மட்டமாக்குகிறார்கள். அதன்மேல் எழுத்தின் வடிவத்தை வரைகிறார்கள். சின்ன உளியை ஒருபக்கமாகச் சாய்த்து ஒரு கரை, மறுபக்கமாகச் சாய்த்து இன்னொரு கரை, நடுவில் பள்ளம். அப்படி வெட்டிய எழுத்தில் வர்ணம் போனாலும் நிழல் விழுந்து பெயர் படிக்கத் தெரியும். இயந்திரத்தில் மேலோட்டமாகக் கீறிய எழுத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. ஆளுயரக் கருங்கல் ஒன்று, மேலே துறையின் சின்னம், கீழே பெயர்கள். அவ்வளவு போதும். தலைக்கவசமும் குழாயும் பிடித்த சிமென்ட் சிலை வேண்டாம். சரியாக அமையாவிட்டால் வருடக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்: திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நிதி கொடுத்தவர் பெயர்கள் இந்தக் கல்லில் வரக் கூடாது. வேண்டுமானால் பின்பக்கச் சுவரில் போட்டுக்கொள்ளட்டும்.

யார் யார் பெயரைச் சேர்ப்பது? எதைப் பணியில் நேர்ந்த மரணம் என்று சொல்வது?

தீயில் இறந்தால் மட்டும்தான் என்று வைத்தால் நம் மாவட்டத்துக்கு அந்தக் கல்லே பொருந்தாது. கிணற்றில், ஆற்றில், கடலில், மரம் அறுக்கையில், மின்சாரம் தாக்கி, அழைப்புக்கு விரையும் வழியில் வண்டி கவிழ்ந்து, பயிற்சியில், எல்லாமே பணிதான். பாதிப் பேர் சிக்கலாகப் பார்ப்பது மாரடைப்பை. புகையில் மணிக்கணக்கில் நின்று வீட்டுக்குப் போனவர் அன்று ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால்? அமெரிக்காவில் 2003இல் கொண்டுவந்த ஒரு சட்டம், கடும் பணிக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் வரும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பணியில் நேர்ந்த மரணமாகவே எடுத்துக்கொள்கிறது. நாமும் அப்படியே வைக்கலாம்.

புற்றுநோய் இன்னும் கடினம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் சேர்த்தது. எரியும் பிளாஸ்டிக், ரப்பர், பெயின்ட் புகையை வருடக்கணக்கில் சுவாசிக்கிறார்கள். அந்தக் கரி சீருடையில் ஒட்டி வீட்டுக்கும் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு வரும் நோயை வேலையோடு இணைத்து நிரூபிப்பது குடும்பத்தால் ஆகாது. இதை மருத்துவர்களும் துறை மூத்தவர்களும் உள்ள சிறு குழுவிடம் விட வேண்டும், ஆனால் கதவை முன்கூட்டியே அடைத்துவிடக் கூடாது.

இந்த மாவட்டத்தில் பணியாற்றும்போது இறந்தவர்களும், இந்த மாவட்டத்தில் பிறந்து வேறு ஊரில் பணியாற்றி இறந்தவர்களும் என இரண்டு பகுதியாக எழுதலாம். ஓட்டுநரும் துறைக்காரர்தான், அவரை விட்டுவிடக் கூடாது.

பதவி வரிசையில் எழுதுவதா?

இல்லை. இறந்த தேதி வரிசையில். நிலைய அலுவலராக இருந்தாலும் சேர்ந்து ஆறு மாதமான தீயணைப்போராக இருந்தாலும் ஒரே அளவு எழுத்து. பெயர், ஊர், இறந்த நாள், இடம். இடத்தை எழுதும்போது என்ன வேலையில் இறந்தார் என்பதையும் ஒரே சொல்லில் சேர்க்க வேண்டும்: கிணறு, ஆறு, கட்டடம். வாசிக்கிற பிள்ளை ‘கிணறா?’ என்று அப்பாவிடம் கேட்க வேண்டும்.

சீருடை இல்லாமல், அடுத்தவரைக் காப்பாற்றப் போய் இறந்த பொதுமக்கள்?

அவர்களுக்கும் மரியாதை வேண்டும், தனிக் கல்லில். இங்கே கலந்தால் இரண்டும் தெளிவில்லாமல் போகும்.

குடும்பத்துக்கு அரசு உதவி கிடைக்கிறதே, அது போதாதா?

நிவாரணத் தொகையும் கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலையும் கிடைப்பது அவர்களின் உரிமை. சிறப்பான துணிச்சலுக்குக் குடியரசுத் தலைவர் பதக்கமும் முதலமைச்சரின் அண்ணா பதக்கமும் உண்டு. நினைவிடம் இவற்றுக்கு மாற்றல்ல, இவையும் நினைவிடத்துக்கு மாற்றல்ல. பதக்கம் அந்த வீட்டு அலமாரியில் இருக்கும். கல் ஊரில் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. தீத்தொண்டு வாரத்தில் முன்கூட்டியே நிலைய அலுவலரிடம் சொன்னால் வண்டியையும் கருவிகளையும் காட்டுவார்கள். காற்றுச் சிலிண்டர் மாட்டிய முகமூடியைப் பிள்ளைகள் ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்கட்டும். அதன் எடை அவர்களுக்கு மறக்காது.

நினைவிடம் வரும்வரை நாம் என்ன செய்யலாம்?

அடுத்த ஏப்ரல் 14 காலையில் கனி கண்டு முடித்ததும் உங்கள் பக்கத்து நிலையத்துக்கு ஒரு முழம் பூவோடு போங்கள். அஞ்சலி எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் செய்ய வேண்டியது, வீரர்களின் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தெருமுனையில் வண்டி திரும்ப இடம் விட்டு நிறுத்துங்கள். அழைக்கும்போது ‘சீக்கிரம் வாங்க’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல், ஊர், அருகில் இருக்கும் கோயில் அல்லது சர்ச், எரிவது என்ன, உள்ளே யாராவது இருக்கிறார்களா, சிலிண்டர் எத்தனை, எங்கே என்று சொல்லுங்கள். மின் இணைப்பைத் துண்டித்தாயிற்றா என்பதையும் சொல்லுங்கள். கிணறு என்றால் ஆழம், தண்ணீர் அளவு, கடைசியாக எப்போது இறைத்தது, சுவர் எந்தப் பக்கம் பழுது என்ற நான்கையும் வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், இறங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பாழ் கிணறு இருந்தால் இரும்பு வலை போட்டு மூடுங்கள். கைப்பிடிச்சுவரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நினைவிடம் வேண்டும் என்று யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறை மாநில அரசின் கீழ், உள்துறையில் இருக்கிறது. மாநகராட்சிக்கு அதில் அதிகாரமில்லை. நிலைய வளாகத்தில் வைக்க வேண்டும் என்றால் துறைத் தலைமையின் அனுமதி வேண்டும். பூங்காவில் என்றால் மாநகராட்சி. அதனால் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி, மாவட்ட தீயணைப்பு அலுவலருக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் நகல் அனுப்புவதுதான் சரியான வழி. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இடம், கல்லின் அளவு, பெயர் சேர்க்கும் விதி, செலவை யார் ஏற்பது, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற ஐந்தும் இருந்தால் போதும். குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், பங்குப் பேரவை, ஜமாத், கோயில் கமிட்டி என்று எல்லாத் தரப்பிலும் கையெழுத்து வாங்குங்கள். இறந்தவர்களின் குடும்பத்தினரிடம் முதலில் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் பெயரை எழுத வேண்டும். மனு கொடுத்ததும் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.